எக்கோ ரிப்போர்ட்டில் 58% என்று இருந்தது: ஆங்கிலத்தில் பர்சன்ட் வந்தால் எப்படி வாசிக்கிறீர்கள்?

தறிவீட்டுப் பெண், குடியாத்தம்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், கேள்வி அதிலிருந்துதான் வருகிறது. அப்பாவுக்கு 64 வயது, நாற்பது வருடம் தறியில் லுங்கி நெய்தவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் எடுத்தார்கள், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள், டாக்டரை மறுநாள் காலையில்தான் பார்க்க முடியும் என்றார்கள். ரிப்போர்ட் மட்டும் சாயங்காலமே கைக்கு வந்துவிட்டது. முழுக்க ஆங்கிலம். நடுவில் கொட்டை எழுத்தில் எல்.வி.இ.எஃப். 58% என்று இருந்தது. என் சித்தப்பா மகன் வாங்கிப் பார்த்துவிட்டு "பெரியப்பாவுக்கு ஹார்ட் 58 பர்சன்ட்தான் வேலை செய்யுது" என்றான்.

அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பெங்களூரில் இருக்கும் தம்பி லீவு சொல்லிவிட்டு ராத்திரி ரயிலைப் பிடித்து விடியற்காலையில் காட்பாடியில் வந்து இறங்கினான். எனக்கும் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் என் மகள் அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் 58 வாங்கி வந்த அன்று வீட்டில் நடந்த பேச்சு இன்னும் நினைவில் இருக்கிறது, 58 என்றால் என் மனதில் அது ஏதோ தட்டுத்தடுமாறித் தேறிய எண். காலையில் டாக்டர் அந்தத் தாளை அரை நிமிடம் பார்த்துவிட்டு "ஹார்ட் நல்லா இருக்கு, பம்பிங் நார்மல்" என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டாள்.

எனக்கு அதற்கப்புறம் இதுவே மனதில் ஓடுகிறது. அந்த எண்ணும் சரியாகத்தான் இருந்தது, நாங்கள் வாசித்த ஆங்கிலமும் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு ராத்திரி முழுக்க பயந்து கிடந்தோம். பர்சன்ட் என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எப்படி வாசிக்க வேண்டும்? ரிப்போர்ட் மட்டும் இல்லை, வங்கியிலிருந்து வரும் மெசேஜ், கடை போர்டு, பிள்ளைகளின் மதிப்பெண் எல்லாவற்றிலும் இது வருகிறது. தெரிந்தவர்கள் உங்கள் அனுபவத்தோடு சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி டீச்சர்

அம்மா, அப்பா நலமாக இருப்பது முதல் சந்தோஷம். முப்பத்து நான்கு வருடம் ஆங்கிலம் நடத்தியவள், சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

பர்சன்ட் என்பது லத்தீனில் பெர் சென்டும், அதாவது நூறு ஒன்றுக்கு. இந்தச் சென்டும் நமக்குப் புதிதே இல்லை. "என் பையன் கணக்கில் சென்டம்" என்று நம் ஊரில் ஒவ்வொரு பொதுத்தேர்வு முடிவன்றும் பெற்றோர் சொல்கிறார்களே, அதே சொல்தான். லண்டனிலோ நியூயார்க்கிலோ போய் "ஐ காட் சென்டம்" என்று சொன்னால் புரியாது, அது நம் பள்ளிக்கூடங்களில் வாழ்கிற லத்தீன். ரோமில் அகஸ்டஸ் காலத்தில் ஏலத்தில் விற்கும் பொருளுக்கு நூற்றில் ஒரு பங்கு வரி வாங்கினார்கள். அப்புறம் 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய வணிகர்கள் கணக்கு எழுதும்போது பெர் சென்டோ என்பதை அவசரத்தில் சுருக்கிச் சுருக்கி எழுதினார்கள், அந்தச் சுருக்கெழுத்துதான் தேய்ந்து தேய்ந்து இன்று நாம் போடும் % ஆனது. வரியிலும் வியாபாரத்திலும் வளர்ந்த சொல், ஆஸ்பத்திரிக்குப் பிற்பாடு வந்தது.

எழுதும்போது பிரிட்டன்காரர்கள் பர் சென்ட் என்று இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள், அமெரிக்கர்கள் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவார்கள். இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் கலக்காமல் இருந்தால் போதும். எண் முன்னால் வந்தால் பர்சன்ட், எண் இல்லாமல் பொதுவாகச் சொன்னால் பர்சன்டேஜ். டென் பர்சன்ட் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ், ஆனால் எ லார்ஜ் பர்சன்டேஜ் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ். வினைச்சொல் ஆஃப்-க்குப் பின்னால் வருகிற சொல்லைப் பார்த்துத்தான் அமையும். தர்ட்டி பர்சன்ட் ஆஃப் த மில்க் இஸ் வாட்டர், தர்ட்டி பர்சன்ட் ஆஃப் த கௌஸ் ஆர் சிக். பால் ஒருமை, மாடுகள் பன்மை. பிள்ளைகள் முப்பது என்ற எண்ணைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஆர் போடுவார்கள், எத்தனை நோட்டில் சிவப்பு மை போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

உங்கள் கேள்விக்கு விடையும் அந்தச் சின்ன ஆஃப்-இல்தான் இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் 58% என்று மட்டும் போட்டு ஆஃப் என்ன என்பதை எழுதவில்லை. படிக்கிற டாக்டருக்குத் தெரியும், உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எக்கோ ரூம், காட்பாடி

டீச்சர் விட்ட இடத்திலிருந்து நான் சொல்கிறேன், இதே வேலையில்தான் இருக்கிறேன். (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.)

அக்கா, இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ரத்தத்தால் நிரம்பும். துடித்ததும் அதில் ஒரு பங்கு வெளியே போகும். நிரம்பியதில் எத்தனை பங்கு போனது என்பதுதான் அந்த எண். ஒரு பேச்சுக்கு 120 மில்லி நிரம்பி 70 மில்லி வெளியே போனால் 58%. மீதி 50 மில்லி உள்ளேயே தங்கும், அது தங்கத்தான் வேண்டும். முழுசாகப் பிழிந்து காலி செய்கிற இதயம் என்று ஒன்று கிடையாது. பொதுவாக 55 முதல் 70 வரை நல்ல இதயம் என்று சொல்வோம். ஆக இதில் 100 என்ற முழு மதிப்பெண்ணே இல்லை. நீங்கள் பரீட்சைத் தாள் மாதிரி வாசித்தீர்கள், அந்த இடத்தில்தான் தடுக்கியது.

தினமும் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு காரிடாரில் அழுகிறவர்களைப் பார்க்கிறேன். 60 என்று போட்டிருக்கும், அருமையான இதயமாக இருக்கும், சித்தூரிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ வந்தவர்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். ரிப்போர்ட்டின் ஓரத்தில் நார்மல் எவ்வளவு என்று ஒரு வரி போட்டால் போதும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

ஒரே ஃபைலில் இன்னும் இரண்டு பர்சன்ட் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். விரலில் கிளிப் மாட்டிப் பார்க்கிற ஆக்சிஜன் அளவு: ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பது. அது 95க்கு மேல் இருக்க வேண்டும், அங்கே 58 என்று வந்தால் நாங்கள் எல்லாரும் ஓடுவோம். இன்னொன்று ஹெச்பிஏ1சி: ஹீமோகுளோபினில் எத்தனை பங்கின் மேல் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பது, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு. அது 5.7க்குக் கீழே இருந்தால் நல்லது, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை வாசலில் நிற்கிறது என்று அர்த்தம், 6.5 ஆனால் சர்க்கரை நோய். மூன்றுக்குமே பக்கத்தில் ஒரே % குறிதான். 58 நல்லது, 94 கவலை, 6.5 நோய். குறி ஒன்றாக இருப்பதால் மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்துவிடுகிறோம்.

தறிவீட்டுப் பெண், குடியாத்தம்

தம்பி, இதை அன்று ராத்திரி யாராவது சொல்லியிருந்தால் அம்மா இரண்டு இட்லியாவது சாப்பிட்டிருப்பாள். மிக்க நன்றி.

டிரம் சத்தம், ராணிப்பேட்டை

எங்கள் தோல் பதனிடும் டேனரியில் "எதில்" என்ற கேள்வியைக் கேட்காமல் ஒரு வேலையும் நடக்காது, அதனால் இந்த இழை எனக்குப் பிடித்துவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் ரெசிப்பி தாளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது "தண்ணி 150 பர்சன்ட்னு போட்டிருக்கே, நூறுக்கு மேல எப்படிண்ணா?" என்பதுதான். தோலின் எடைதான் அங்கே நூறு. டிரம்மில் 1000 கிலோ தோல் போட்டால் 150% தண்ணீர் என்பது 1500 லிட்டர். தோலைப் பதப்படுத்துகிற குரோம் 8% என்றால் 80 கிலோ. எல்லாவற்றையும் கூட்டினால் நூறு வர வேண்டும் என்று இல்லை, ஏனென்றால் ஒவ்வொன்றும் தோலோடு மட்டும்தான் ஒப்பிடப்படுகிறது. இன்னொரு சங்கதி, முடி நீக்கிச் சுண்ணாம்பு போட்ட கட்டத்தில் நூறு என்பது அந்த ஈரத்தோலின் எடை, பிற்பாடு தோலைச் சீவி மெல்லிசாக்கும் ஷேவிங் முடிந்து சாயம் போடும் கட்டத்தில் நூறு என்பது ஷேவ் செய்த எடை. அதே தோல்தான், எடை பாதிக்கும் கீழே வந்திருக்கும். பழைய எடையை வைத்துக்கொண்டு கெமிக்கல் போட்டால் காசும் போச்சு, தோலும் போச்சு.

இனி என் சொந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வெளிநாட்டு டெக்னீஷியன் ஒருவர் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஃபேட் லிக்கர் அதுவரை 10% போட்டுக்கொண்டிருந்தோம், தோல் மிருதுவாக வருவதற்கான எண்ணெய் அது. "ரெட்யூஸ் டு 6%" என்று எழுதியிருந்தார். நான் அவசரத்தில் 6 குறைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு 4% போட்டேன். 400 கிலோ லாட், 24 கிலோ போக வேண்டிய இடத்தில் 16 கிலோதான் போனது. காய்ந்து வந்ததும் தோல் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. மேஸ்திரி என்னைத் திட்டவில்லை, தாளைக் காட்டி "இதுல டு-ன்னு இருக்கு பாருப்பா, பை-ன்னு இருந்தாதான் நீ செஞ்சது" என்றார், எட்டாவது வரை படித்த மனிதர். இருபது வருடம் ஆகிறது, இன்றும் எந்த ஆங்கிலத் தாளிலும் பர்சன்ட்டைப் பார்த்தால் என் கண் முதலில் அதற்கு முன்னால் இருக்கிற சின்னச் சொல்லைத்தான் தேடும்.

சத்துவாச்சாரி டீச்சர்

தம்பி, உங்கள் மேஸ்திரியை வகுப்பறைக்கு அழைத்துப் பாடம் எடுக்கச் சொல்லியிருப்பேன்! தமிழில் இந்த வேற்றுமையை நாம் பிறப்பிலிருந்தே சரியாகச் சொல்கிறோம். "6 சதவீதம் குறைந்தது" வேறு, "6 சதவீதமாகக் குறைந்தது" வேறு. அந்த "ஆக" தான் ஆங்கிலத்து டு. குறைந்த அளவைச் சொன்னால் பை, போய் நின்ற இடத்தைச் சொன்னால் டு. இலக்கணப் புத்தகத்தில் இதை முன்னிடைச்சொல் என்று தனிப் பாடமாக வைத்து மனப்பாடம் செய்ய வைத்தோம், "ஆக" வைச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் பை-யிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஏற்கெனவே பர்சன்ட்டில் இருக்கிற ஒன்றை "ரெட்யூஸ்டு பை 10 பர்சன்ட்" என்றால், 10% இருந்தது 9% ஆனதா, இல்லை சுழியம் ஆனதா? இதற்காகத்தான் ஆங்கிலத்தில் பர்சன்டேஜ் பாயிண்ட் என்ற சொல் வந்தது. வங்கிக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அணைக்கட்டு கிளை

இருக்கிறேன் டீச்சர். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் ரெப்போ வட்டியை 6.50 இலிருந்து 6.25க்குக் குறைத்தபோது எங்கள் கிளைக்கு வந்த கேள்விகளைச் சொன்னால் இது புரியும். மெசேஜில் 25 பேசிஸ் பாயிண்ட் என்று இருந்தது. பேசிஸ் பாயிண்ட் என்பது ஒரு பர்சன்டேஜ் பாயிண்டில் நூற்றில் ஒரு பங்கு, 25 என்றால் கால். ஒரு பெரியவர் "25 பர்சன்ட் குறைச்சிட்டாங்களாமே, என் இ.எம்.ஐ. கால்வாசி குறையணுமே" என்று வந்து நின்றார். அவரை உட்கார வைத்து, ஐயா நூறு ரூபாய்க்கு வருடத்துக்கு ஆறரை ரூபாய் என்றிருந்தது ஆறேகால் ஆகிறது, கால் ரூபாய்தான் குறைகிறது, அதுவும் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கிற கடனுக்கு வாங்குகிற வட்டி, உங்கள் கடன் வட்டி வேறு என்று சொன்னேன். கால் ரூபாய் என்றதும் உடனே புரிந்துகொண்டார். பர்சன்ட் என்று சொல்லி இருந்தால் இன்னும் அரைமணி நேரம் பேசியிருப்போம்.

ஏறும்போது என்ன ஆகும் என்றும் பாருங்கள். 2022 மே மாதம் ரெப்போ 4.00 இலிருந்து 4.40 ஆனது. பாயிண்ட் கணக்கில் 0.40தான். ஆனால் நான்கில் 0.40 என்பது பத்தில் ஒரு பங்கு, ஆகவே வட்டி 10 பர்சன்ட் ஏறியது என்று எழுதினாலும் பொய் இல்லை. ஒருவர் 0.40 என்று எழுதுவார், இன்னொருவர் 10 என்று எழுதுவார், இரண்டும் உண்மை. எந்தப் பக்கம் காட்ட வேண்டும் என்று எழுதுகிறவர்தான் தேர்ந்தெடுக்கிறார். அதனால்தான் பாயிண்ட் என்ற சொல்லை விட்டுவிட்டு எழுதப்பட்ட செய்தியைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கோட்டை மதில், வேலூர்

மன்னிக்கவும், எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. எல்லாரும் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டால் சரியாகிவிடும் என்பது போலப் பேசுகிறீர்கள். எங்கள் தாத்தா மண்டித் தெருவில் வியாபாரம் செய்தவர், அவருக்குப் பர்சன்ட் என்ற சொல்லே தெரியாது. "மூணு வட்டி" என்பார். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். யாரும் ஏமாந்ததில்லை, ஏனென்றால் எதற்கு, எத்தனை நாளுக்கு என்பது அந்தப் பேச்சிலேயே இருந்தது. இப்போது போனில் வருகிற கடன் விளம்பரத்தில் "ஒன்லி 3%" என்று மட்டும் போடுகிறான். வருடத்துக்கு என்று நினைத்துத்தான் நம் பிள்ளைகள் வாங்குகிறார்கள். மாதத்துக்கு 3 என்றால் வருடத்துக்கு 36. ஆங்கிலம் வந்துதான் இந்தக் குழப்பம் வந்தது.

அணைக்கட்டு கிளை

தாத்தா கணக்கில் தவறே இல்லை அண்ணா. ஆனால் மூணு வட்டியில் ஏமாந்தவர்கள் நிறைய பேர் இருந்தார்கள், அதனால்தான் கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003இல் சட்டமே வந்தது. ஆங்கிலத்திலும் ஒழுங்காக எழுதினால் பர் மன்த், பர் ஆன்னம் என்று போட்டே ஆக வேண்டும். அதை விழுங்கிவிடுகிறவன்மேல்தான் குற்றம், மொழிமேல் இல்லை.

இன்னொரு சொல்லையும் கவனித்துக்கொள்ளுங்கள்: ஃப்ளாட். ஒரு லட்சம், 12% ஃப்ளாட், ஒரு வருடம் என்றால் வட்டி 12,000, மாதம் 9,333 கட்ட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம், கடைசி மாதம் உங்கள் கையில் இருப்பது ஒன்பதாயிரத்துச் சொச்சம் கடன்தான், வட்டி மட்டும் முழு லட்சத்துக்குப் போட்டிருக்கிறான். குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது வருடத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல். வண்டிக் கடன் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், எதிரில் இருப்பவரின் முகமே மாறும்.

கோட்டை மதில், வேலூர்

சட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "எதுக்கு எவ்ளோ" என்று கேட்கிற பழக்கம் தாத்தாவிடம் இருந்தது, என்னிடம் இல்லை. அது போய்விட்டதுதான் எனக்கு வருத்தம்.

ஆம்பூர் செருப்புக்கடை

கடைக்காரன் பக்கமும் கேளுங்கள். 50% பிளஸ் 20% ஆஃப் என்று போர்டு வைத்தால் வருகிறவர்கள் 70 என்று கூட்டிக்கொண்டு வருகிறார்கள். 2000 ரூபாய் ஷூ முதலில் 1000 ஆகும், அப்புறம் அந்த ஆயிரத்தில் 20% போய் 800. ஆக மொத்தம் 60தான் குறைந்தது. இரண்டாவது பர்சன்ட் பழைய விலைமேல் இல்லை, குறைந்த விலைமேல். நான் இப்போது அந்த மாதிரி போர்டே வைப்பதில்லை, 800 ரூபாய் என்று நேராக எழுதிவிடுகிறேன். அப்டு 50% என்று போடுவதையும் விட்டுவிட்டேன், அப்டு-வைச் சின்ன எழுத்தில் போட்டு மக்களை உள்ளே கூப்பிடுவது எனக்கு ஒப்பவில்லை.

ஜி.எஸ்.டி. குறைந்தபோதுதான் பெரிய வாக்குவாதம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2500 ரூபாய் வரை உள்ள காலணிக்கு 5% ஆனது. அதற்கு முன்னால் ஆயிரத்துக்கு மேல் போனால் 18%. ஒரு வாத்தியாரே வந்து "18, 5 ஆச்சு, 13 பர்சன்ட் குறையணும், 2360 ரூபாய் ஷூவில 306 ரூபாய் கழியுங்க" என்றார். நான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். சரக்கின் விலை 2000. முன்னால் வரி 360, மொத்தம் 2360. இப்போது வரி 100, மொத்தம் 2100. குறைந்தது 260. அது 2360இல் 11 பர்சன்ட் தான். 13 என்பது இரண்டாயிரத்தின் மேல், அவர் அதை 2360இன் மேல் போட்டுவிட்டார். ரெண்டு முறை தானே கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "பாய், நான் பசங்களுக்கு இதைத்தான் நடத்தறேன், நானே விட்டுட்டேன்" என்று சொல்லி ஷூவை வாங்கிக்கொண்டு போனார். இப்போதும் வருவார், நல்ல மனிதர்.

பிளஸ் டூ அம்மா, வாணியம்பாடி

பாய், நகைக்கடையில் சேதாரம் 14% என்கிறார்களே, அது எதன்மேல்?

ஆம்பூர் செருப்புக்கடை

தங்கத்தின் எடைமேல்மா. 10 கிராம் சங்கிலிக்கு 14% என்றால் 1.4 கிராம் தங்கத்தின் விலையைச் சேர்த்துப் போடுவார்கள். அது உங்கள் கைக்கு வராது. கடைக்குக் கடை அந்த எண் மாறும், பேரம் பேசலாம்.

பிளஸ் டூ அம்மா, வாணியம்பாடி

நன்றி பாய். என் மகள் நீட் எழுதினாள், அப்போது நான் குழம்பியதையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். தகுதி பெற 50 பர்சன்டைல் வேண்டும் என்றார்கள். 720இல் பாதி 360 என்று நானே முடிவுகட்டி, மாதிரித் தேர்வில் அவள் 300 வாங்கியபோதெல்லாம் தகுதியே கிடைக்காது என்று திட்டினேன். பர்சன்ட் என்பது தாளோடு ஒப்பிடுவது, பர்சன்டைல் என்பது கூட எழுதியவர்களோடு ஒப்பிடுவது. 50 பர்சன்டைல் என்றால் எழுதியவர்களில் பாதிப் பேரை எட்டிவிட்டாள் என்று பொருள். 2023இல் பொதுப்பிரிவுக்கு அந்த 50 பர்சன்டைல் 137 மதிப்பெண்ணில் வந்து நின்றது. பர்சன்ட் போட்டால் அது 19! தகுதி வேறு, சீட்டுக் கிடைப்பது வேறு, சீட்டுக்கு மிக அதிகம் வேண்டும், அதுவும் உண்மை. ஆனால் அந்த மூன்று மாதம் நான் அவளைப் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

வேர்க்கடலை, ஒடுகத்தூர்

நான் ஆங்கிலம் அவ்வளவாகப் படிக்காதவன். பையன் போனில் மழை ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறான். ரெயின் 30% என்று வரும். நான் அதை, மழை வரும் ஆனால் லேசாக வரும், நூறு என்றால் கொட்டும் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். போன அறுவடையில் 30 தானே, தூறல்தானே என்று கடலையைக் களத்தில் காய விட்டுவிட்டு அணைக்கட்டு சந்தைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அடித்து ஊற்றிவிட்டது. பாதி முளைவிட்டுப் போனது. அந்த 30 என்ன கணக்கு?

சத்துவாச்சாரி டீச்சர்

ஐயா, படிக்கவே வருத்தமாக இருக்கிறது. அந்த எண் மழை பெய்யும் அளவைச் சொல்லவில்லை, பெய்யுமா பெய்யாதா என்பதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் 30 பர்சன்ட் சான்ஸ் ஆஃப் ரெயின் என்பார்கள், ஆப்பில் சான்ஸ் என்ற சொல்லை விட்டுவிட்டு மேகப் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். இன்றைக்கு மாதிரியே வானம் இருக்கிற பத்து நாளை எடுத்துக்கொண்டால் மூன்று நாள் உங்கள் இடத்தில் மழை பெய்யும், ஏழு நாள் பெய்யாது. பெய்கிற அந்த மூன்று நாளில் தூறலும் வரலாம், கொட்டவும் கொட்டலாம். எவ்வளவு பெய்யும் என்பதைத் தனியாக மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். பக்கத்தில் ஹியூமிடிட்டி என்று இன்னொரு % இருக்கும், அது காற்றில் உள்ள ஈரம், அதை மழையோடு சேர்க்க வேண்டாம்.

வேர்க்கடலை, ஒடுகத்தூர்

பத்து நாளில் மூன்று நாள். அப்படிச் சொன்னால் நான் தார்ப்பாயை எடுத்து வைத்திருப்பேன் டீச்சர். பத்துக்கு மூணு என்பது கடலைக்குப் பெரிய ஆபத்து.

நைட் ஷிப்ட், காட்பாடி

வேலை முடிந்து இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். பேச்சு ஆங்கிலத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். நான் அமெரிக்க கிளையன்ட்டோடு தினமும் பேசுகிறவன். ஆரம்பத்தில் ஒரு கூட்டத்தில் "சென்ட் பர்சன்ட் முடிஞ்சிடும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன், அந்தப் பக்கம் ஒரு நிமிடம் அமைதி. அவர்களுக்கு அந்தச் சொல்லே கிடையாது, ஹண்ட்ரட் பர்சன்ட் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் "ஐ அக்ரீ ஹண்ட்ரட் பர்சன்ட்" என்பார்கள், "ஹண்ட்ரட் அண்ட் டென் பர்சன்ட்" உழைப்பேன் என்றுகூடச் சொல்வார்கள், அது கணக்கு இல்லை, அழுத்தம் கொடுப்பதற்கு. நாம் "நூத்துக்கு நூறு உண்மை" என்கிற மாதிரி. "ஐ'ம் நைன்டி பர்சன்ட் ஷ்யூர்" என்றால் யாரும் அளந்து பார்த்துச் சொல்லவில்லை, கிட்டத்தட்ட நிச்சயம், ஆனால் என்மேல் பழி போடாதே என்று பொருள்.

ஆனால் "நைன்டி பர்சன்ட் டன்" என்று வேலையைப் பற்றிச் சொல்லும்போது அதை அவர்கள் கணக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். நான் எழுதி முடித்த புரோகிராமை வைத்து 90 என்றேன், டெஸ்டிங்கைச் சேர்க்கவில்லை. ஒன்பது நாளில் 90 முடிந்தால் நாளைக்கு முடிந்துவிடும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். இன்னும் ஆறு நாள் ஆனது. இப்போதெல்லாம் பர்சன்ட் சொல்வதை விட்டுவிட்டு இன்னும் இத்தனை நாள் என்றுதான் சொல்கிறேன்.

எக்கோ ரூம், காட்பாடி

அக்கா, அப்பா எப்படி இருக்கிறார்? மூச்சு வாங்கியதற்கு என்ன காரணம் சொன்னார்கள்?

தறிவீட்டுப் பெண், குடியாத்தம்

தம்பி, அதைச் சொல்லத்தான் வந்தேன். ரத்தம் கொஞ்சம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள், இப்போது பரவாயில்லை. ஆனால் நீங்கள் மூன்று பர்சன்ட் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஃபைலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது பக்கத்தில் ஹெச்பிஏ1சி 6.1% என்று இருந்தது. அன்று ராத்திரி அந்தப் பக்கத்தையும்தான் எல்லாரும் பார்த்தோம். 6 தானே, சின்ன எண், அது ஒன்றும் இல்லை என்று தள்ளிவிட்டு 58ஐப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

நேற்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இங்கே குடியாத்தத்திலேயே எங்கள் டாக்டரைப் பார்த்தோம். இந்த முறை நானே வாய்விட்டு "இது எதுல 6 பர்சன்ட் டாக்டர்?" என்று கேட்டேன். அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார், நீங்கள் சொன்னது போலவே சொன்னார், மாத்திரை இப்போது வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் கவனித்தால் கீழே கொண்டுவரலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள் என்றார். அப்பா இன்று சாயங்காலம் கௌண்டன்யா ஆற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வந்தார். ராத்திரிக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அம்மா கேழ்வரகுக் களி கிண்டுகிறாள்.